டேக் ஏழு

ஞாயிற்றுக்கிழமை ஜெபமணி வருகிறான்
அவன் பங்கை எடுத்துப் போக.
பங்கு என்றால் நிலமில்லை, நகையில்லை,
நாலு ஹார்ட் டிஸ்க்.
இரண்டு கறுப்பு, ஒன்று வெள்ளி,
ஒன்று ரப்பர் பேண்டு போட்டது.
மைக்கையும் மிக்ஸரையும் போன வாரமே
போனில் பிரித்துக்கொண்டோம், குரல் உயராமல்.
இது மட்டும் பாக்கி.

கறுப்பில் ஒன்றைத் திறந்தால்
புதிய ஃபோல்டர், அதற்குள் புதிய ஃபோல்டர்,
அதற்குள்
முத்துமாரி ஃபைனல்
முத்துமாரி ஃபைனல் இரண்டு
முத்துமாரி இதுதான் ஃபைனல்
முத்துமாரி கோனார் சொன்னது.
கோனார் சொன்னதுதான் கடைசியில் ரேடியோ செட்டில் ஓடியது.
பாடியது ஜெபமணி.
நோட்டீசில் பேர் வேண்டாம்ப்பா, சர்ச்சில் கேப்பாங்க என்றான்.

அந்த உறுமி லூப்பை
ஆத்தாளுக்கும் அடித்திருக்கிறோம்,
வார்டு வேட்பாளருக்கும்,
அவரை எதிர்த்து நின்றவருக்கும்,
பிறகு ஒரு மசாலாக் கம்பெனிக்கும்.
எங்கிட்டு வைப்பேன் இதை?
சாமிக்குக் கீழா, தேர்தலுக்குக் கீழா,
மிளகாய்த்தூளுக்குக் கீழா?

தேதிவாரியாக அடுக்கலாமென்றால்
மதர்போர்டு பேட்டரி செத்துக் கிடந்த ஒன்பது மாதம்
பதிந்ததெல்லாம் 2002 ஜனவரி ஒன்று.
அந்த ஒரே நாளில் நாற்பத்து மூன்று பாட்டு,
பதினொரு காதுகுத்து அழைப்பு,
ஒரு இரங்கல்.

ஆகவே காதை வைத்துத் தேதி போடுகிறேன்.
பின்னால் வெடிச்சத்தம்: ஐப்பசி.
மாடு அவிழ்க்கிற மைக்: தை.
கீழ்வீட்டு மிக்ஸி: காலை எட்டுக்குள்.
இன்வெர்ட்டர் முனகல்: கரண்ட் போன சித்திரை.
விமானம்: எல்லா மாதமும்.
அவனியாபுரத்தில் மாடி எடுத்து
முட்டை அட்டை ஒட்டினால் போதும் என்று நம்பிய
இரண்டு புத்திசாலிகள் நாங்கள்.

ரப்பர் பேண்டு டிஸ்க் டிக் டிக் என்கிறது.
சுவரில் பல்லி சொன்னால்
திசைக்கொரு பலன் போட்டிருக்கிறது பஞ்சாங்கம்.
மேசைமேல் இது சொன்னால்
எந்தத் திசையானாலும் ஒரே பலன்.
டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவைத்து
காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பதுபோல்
இருக்கிறேன்.
முப்பத்தோரு சதவீதம். முப்பத்தோரு சதவீதம்.
முப்பத்திரண்டு.

ரூபாவதி கதவைத் தள்ளிப் பார்த்தாள்.
“இன்னுமா பங்கு முடியல?
எல்லாத்தையும் ரெண்டு காப்பி போட்டு
ஆளுக்கு ஒண்ணு வச்சுக்கிட்டா என்னவாம்?”

வயலைக் காப்பி போட முடியாது.
கிணற்றைப் போட முடியாது.
இதைப் போடலாம்.
எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்,
ஆறு வாரமாக இரண்டு பேரும்
அதைச் சொல்லாமல் இருந்தோம்.
யார் கையிலும் எதுவும் குறையாவிட்டால்
பிரிந்ததாக எப்படிச் சொல்வது?

“போடலாம்” என்றேன்.
“போடு. சாப்பாடு ஆறுது” என்று இறங்கிப் போனாள்.

போட்டேன்.
கறுப்பு எனக்கு, வெள்ளி அவனுக்கு,
முத்துமாரி நாலும் இருவருக்கும்.

டேக் ஏழு மட்டும் தனியாகக் கிடந்தது.
எந்தப் பாட்டின் ஏழு என்று பெயரில் இல்லை.
ஹெட்போனை மாட்டினேன்.
பல்லவி பாதியில் விமானம்.
அவன் நிறுத்துகிறான்.
பெரிதாகி, கூரையை உரசி, சிறிதாகி
நாற்பது நொடி.
“போயிருச்சா?”
“இருப்பே, வால் இருக்கு.”
“எம்புட்டு நீளம்டா அது?”
பிறகு யாரோ சிரிக்கிறோம்.
மோனோவில் பதிந்தது,
எந்தப் பக்கம் யார் என்று தெரியவில்லை.
அதன்பின் அவன் பாடுவது
நன்றாக இல்லை. எதிலும் சேர்க்கவில்லை.
அழிக்கவும் இல்லை.

காப்பி போடவில்லை இதை.
கட் செய்து
வெள்ளியில் ஒட்டினேன்.
பெயர் மாற்றவில்லை, தேதி திருத்தவில்லை,
2002 ஜனவரி ஒன்றாகவே போகட்டும்.
அவன் திறப்பானா தெரியாது.
கேபிளைச் சுற்றி டிஸ்கோடு பையில் போடப் போனபோது
மேலே ஒன்று இறங்கியது.

எதுவும் ரெக்கார்டில் இல்லை.
ஆனாலும்
வால் தீரும்வரை
கை ஜிப்பைத் தொடவில்லை.